ஒரே கடை, இரண்டு அப்பீல்: ஒன்று எஸ்.எம்.சி., இன்னொன்று 'பி' பென்ச். ஏன் இப்படிப் பிரித்தார்கள்?

பவானி ஜமக்காளம்:
எல்லோருக்கும் வணக்கம். பவானியில் ஜவுளி வியாபாரம். 2016-17, 2017-18 இரண்டு அசெஸ்மென்ட் ஆண்டுக்கும் வருமான வரித் தீர்ப்பாயத்தில் அப்பீல் போட்டிருக்கிறோம். இரண்டிலும் ஒரே சண்டைதான். வங்கியில் கட்டிய ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள், வியாபாரத்தில் வந்தது என்று நாங்கள் சொல்கிறோம். இப்போது இரண்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒன்றில் எஸ்.எம்.சி. பென்ச், இன்னொன்றில் 'பி' பென்ச் என்று போட்டிருக்கிறது, தேதியும் வேறு வேறு. எஸ்.எம்.சி. என்றால் ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் உட்கார்ந்து கேட்பார் என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொன்னான். ஒரே கடை, ஒரே கணக்குப் பிள்ளை, ஒரே நோட்டுப் புத்தகம், இதை எதற்கு இரண்டு இடத்தில் கேட்கிறார்கள்? ஒற்றை ஆள் கேட்பது நமக்கு நல்லதா கெட்டதா? ஆடிட்டர் அண்ணன் ரிட்டர்ன் சீசனில் மாட்டிக்கொண்டார், போனை எடுப்பதே இல்லை. தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஏன்சார்இப்படி:
ஒரு ஆள் என்றால் ஒரு ஆளைச் சரிக்கட்டினால் போதும் என்று வைத்திருப்பார்கள் :)

பேப்பர்புக்:
மேலே இருப்பவரை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜமக்காளம் அண்ணா, இரண்டு அசெஸ்மென்ட் ஆர்டரையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தில் அதிகாரி மொத்த வருமானம் எவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறார் பாருங்கள். டிமாண்ட் எவ்வளவு, கூட்டிய தொகை எவ்வளவு என்பதெல்லாம் வேண்டாம், மொத்த வருமானம் மட்டும். ஒன்றில் 50 லட்சத்துக்கு மேல் இருக்கும், இன்னொன்றில் அதற்குள் இருக்கும். என் கணிப்பு சரியா?

பவானி ஜமக்காளம்:
அட, அப்படியேதான் இருக்கிறதுங்க. 16-17ல் 32 லட்சம் சொச்சம். 17-18ல் 61 லட்சத்து 40 ஆயிரம். ஆனால் 17-18ல் கமிஷனர் அப்பீலிலேயே எங்களுக்கு 15 லட்சம் குறைத்துவிட்டார்களே, மிச்சம் 46தானே நிற்கிறது? அப்படிப் பார்த்தால் இரண்டும் 50க்குள் வந்துவிடுகிறதே.

பேப்பர்புக்:
இந்த இடத்தில் ரொம்பப் பேர் வழுக்குவார்கள். 1961 வருமான வரிச் சட்டத்தின் 255வது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. ஒற்றை உறுப்பினர் கேட்கலாமா என்பதற்கு அது வைத்திருக்கும் அளவுகோல் 'அசெஸ்மென்ட் அதிகாரி கணக்கிட்ட மொத்த வருமானம்'. நடுவில் கமிஷனர் குறைத்ததை அது பார்ப்பதில்லை. நீங்கள் எத்தனை ரூபாய்க்குச் சண்டை போடுகிறீர்கள் என்பதையும் பார்ப்பதில்லை. உங்கள் 61.40 கமிஷனரிடம் பாதியாகக் குறைந்திருந்தாலும் தீர்ப்பாயத்தின் கணக்கில் அது 61.40தான். அப்பீல் கட்டணம் கட்டினீர்களே, அதற்கும் இதே எண்ணைத்தான் பார்ப்பார்கள். வருமானம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். இரண்டு அப்பீலுக்கும் பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் கட்டியிருப்பீர்கள்.

இந்த 50 லட்சம் வரம்பு அடிக்கடி மாறியது என்பதால் பழைய ஆட்களிடம் கேட்டால் வேறு எண் சொல்வார்கள். நெடுநாள் 5 லட்சமாகவே கிடந்தது. 2015ல் 15 ஆனது, அடுத்த வருஷம் ஜூன் முதல் 50. வரம்பு ஏறியதும் சின்ன வழக்குகள் பெரிய அமர்வின் வரிசையில் நின்று தேய்வது ஓரளவு குறைந்தது.

இப்போது அடிப்படை அமைப்பு. ஒரு சாதாரண பென்ச் என்றால் இரண்டு பேர்: ஒருவர் நீதித்துறை உறுப்பினர், ஒருவர் கணக்கியல் உறுப்பினர். முதலாமவர் வழக்கறிஞராகவோ, மாவட்ட நீதிபதியாகவோ, மத்திய அரசின் சட்டப் பணியிலோ இருந்து வந்தவர். இரண்டாமவர் ஆடிட்டராகத் தொழில் செய்தவர், இல்லாவிட்டால் வருவாய்த் துறையில் உயர் பதவியில் இருந்தவர். 1941 ஜனவரி 25 அன்று தீர்ப்பாயம் தொடங்கியபோது மொத்தமே ஆறு உறுப்பினர்கள்தான். டெல்லி, பம்பாய், கல்கத்தா என மூன்று பென்ச், ஆளுக்கு இரண்டு. இன்றைக்கு 63 பென்ச். அதையும் இரண்டால் பெருக்கினால் 126 உறுப்பினர் இடங்கள். எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஜோடிக் கணக்கு மாறவில்லை.

நம் ஊர் வழக்கு எல்லாம் சென்னைக்குத்தான், பெசன்ட் நகர் ராஜாஜி பவன். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது பொருட்டில்லை, உங்கள் அசெஸ்மென்ட் அதிகாரியின் அலுவலகம் எந்த பென்ச்சின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான். ஏ, பி, சி, டி என்று எழுத்து போட்டிருப்பதில் தகுதி வித்தியாசம் எதுவும் கிடையாது. 'ஏ' பெரியது, 'டி' சின்னது என்று ஒரு கிளையன்ட் என்னிடம் கோபித்துக்கொண்டார், தன்னை டிக்குத் தள்ளிவிட்டேனாம். ரயில் பெட்டிக்கு எஸ்1, எஸ்2 என்று போடுகிற மாதிரிதான் அது.

ஏன்சார்இப்படி:
சரி, விளையாட்டை விடுகிறேன், நிஜமாகவே ஒரு கேள்வி. துறையில் இருந்து வரிபோட்டுக்கொண்டிருந்த ஆளே கணக்கியல் உறுப்பினராக வந்து உட்கார்ந்தால் அவர் யார் பக்கம் பேசுவார்? அவர் ஒற்றை ஆளாக எஸ்.எம்.சி.யில் உட்கார்ந்தால்? ஜோடி என்றாலாவது பக்கத்தில் ஒரு வக்கீல் இருப்பார்.

கருப்பு அங்கி:
வணக்கம். நான் இந்தப் பக்கம் ஆறு வருஷமாக வழக்காடுகிறேன். சந்தேகம் நியாயமானது, ஆனால் அனுபவம் வேறு மாதிரி. துறையில் இருந்து வந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: அசெஸ்மென்ட் ஆர்டர் மார்ச் 31ந் தேதி நெருக்கத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று. 'இந்தப் பத்தியை முந்தின வருஷ ஆர்டரில் இருந்து ஒட்டியிருக்கிறீர்கள்' என்று துறைப் பிரதிநிதியிடம் சொன்ன கணக்கியல் உறுப்பினரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குக் கடுமையாக இருந்தவர்களில் முன்னாள் வழக்கறிஞர்களும் உண்டு. எந்தப் பக்கத்தில் இருந்து வந்தார் என்பதை வைத்து ஜோசியம் சொல்ல ஆரம்பித்தால் பாதி நாள் தப்பாகத்தான் போகும்.

இன்னொன்று, இந்தத் தீர்ப்பாயம் நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லை, சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வரி வசூலிக்கிறவர் கையில் நீதிபதியின் சம்பளப் பட்டியல் இல்லை. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை.

எஸ்.எம்.சி. பற்றி. அங்கே உட்காருபவர் நீதித்துறை உறுப்பினராகவும் இருக்கலாம், கணக்கியல் உறுப்பினராகவும் இருக்கலாம். சட்டம் இன்னார்தான் என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வரி விளைவு, அதாவது சண்டையில் இருக்கும் வரித் தொகை, 60 லட்சத்தைத் தாண்டினால்தான் துறை பொதுவாகத் தீர்ப்பாயத்துக்கே வரும், 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை அப்படி. வருமானமே 50 லட்சத்துக்குள் என்றால் வரி 60 லட்சம் எங்கே வரும்? ஆக, விதிவிலக்கான வழக்குகளை விட்டுவிட்டால் எஸ்.எம்.சி. பட்டியலில் அப்பீல்காரர் எல்லாமே வரிசெலுத்துபவர்தான். கடைக்காரர், டாக்டர், கூட்டுறவுச் சங்கம், நிலம் விற்ற விவசாயி. நாள் முழுக்க அப்படிப்பட்டவர்களையே கேட்கிற ஆளுக்கு உங்கள் நோட்டுப் புத்தகம் எப்படி இருக்கும் என்று தெரியும். பெரிய கம்பெனி வழக்கு மூன்று மணி நேரம் ஓடிக்கொண்டிருக்க, பின்னால் காத்திருக்கும் அவஸ்தையும் அங்கே இல்லை.

பவானி ஜமக்காளம்:
மேடம், அப்படியானால் இரண்டும் எஸ்.எம்.சி.யிலேயே போய்விட்டால் நல்லது என்கிறீர்களா?

கருப்பு அங்கி:
முடியாதுங்க. 61 லட்சத்தை எஸ்.எம்.சி. தொடவே முடியாது. எதிர்த் திசையில் முடியும். 32 லட்ச வழக்கை மேலே 'பி' பென்ச்சுக்குக் கொண்டு வரலாம். இரண்டு பேர் கேட்கக்கூடாத வழக்கு என்று எதுவும் கிடையாது.

ரிட்டயர்டு குமாஸ்தா:
பிள்ளைகளா, நான் ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருஷம் கட்டுச் சுமந்தவன். எல்லோரும் ஜோடி ஜோடி என்று சொல்கிறீர்கள், அந்த ஜோடி ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லையே? ரெண்டு பேர் என்றால் ஒன்றுக்கு ஒன்று, சமன். பஞ்சாயத்தில்கூட மூணு பேரையோ அஞ்சு பேரையோதான் உட்கார வைப்பார்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு மில்லின் வழக்கு நடந்தது. ஊர் பேர் வேண்டாம். ஆர்டர் வாங்கி வரச் சொன்னார்கள், போனேன். கையில் கொடுத்த கட்டு வழக்கத்தைவிடத் தடிமன். பிரித்துப் பார்த்தால் முதல் பதினெட்டுப் பக்கம் ஒருத்தர் எழுதியது, அப்பீல் அனுமதிக்கப்பட்டது என்று முடிகிறது. அடுத்த பக்கத்தில் வேற எழுத்து, வேற வரி இடைவெளி, 'என் சகோதர உறுப்பினரின் வரைவை மரியாதையுடன் படித்தேன், உடன்பட இயலவில்லை' என்று ஆரம்பித்து இருபத்திரண்டு பக்கம், தள்ளுபடி என்று முடிகிறது. கடைசியில் ஒற்றைத் தாள். அதில் ஒரே ஒரு கேள்வி, நாலு வரி, கீழே ரெண்டு கையெழுத்தும். முதலாளிக்குப் போன் போட்டு ஜெயிச்சோமா தோத்தோமா என்று சொல்லத் தெரியாமல் பூத்தில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டுவிட்டு முழித்தேன். 'ரெண்டும்' என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அந்த ஒற்றைத் தாள்தான் விஷயம். ரெண்டு பேரும் எந்த இடத்தில் வேறுபடுகிறோம் என்று எழுதி மும்பையில் இருக்கிற தலைவருக்கு அனுப்புவார்கள். அவர் மூன்றாவது உறுப்பினர் ஒருத்தரை நியமிப்பார், சில சமயம் வேற ஊர்க்காரராக இருப்பார். அவர் முழு வழக்கையும் கேட்கமாட்டார், அந்தத் தாளில் உள்ள கேள்வியை மட்டும். எங்கள் சீனியர் வேறு ஒரு நல்ல பாயின்ட்டை எடுத்தபோது 'அது என் முன்னால் இல்லை' என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முதலில் கேட்ட ரெண்டு பேரையும் சேர்த்து மூணு பேரில் எது பெரும்பான்மையோ அதுதான் முடிவு. அதற்கப்புறம் கட்டு திரும்பவும் பழைய பென்ச்சுக்கே வந்து, பெரும்பான்மைப்படி என்று ஒரு அரைப் பக்க ஆர்டர் போடுவார்கள். எங்கள் வழக்கில் அதற்குள் முதலில் கேட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். இதெல்லாம் முடிய ஒன்றரை வருஷம். கேள்வியை எப்படி வார்ப்பது என்பதிலேயே ரெண்டு பேருக்கும் சண்டை வந்து ஆளுக்கொரு கேள்வி எழுதிய கேஸையும் பார்த்திருக்கிறேன், அது இன்னும் தமாஷ்.

பேப்பர்புக்:
ஐயா, அருமை. ஆனால் ஒன்று: இப்படிப் பிளவு வருவது அபூர்வம். நூற்றுக்கணக்கில் பார்த்தவர்களுக்கு ஒன்றிரண்டு தட்டுப்படும். எல்லா வழக்குக்கும் மூன்று பேரை உட்கார வைப்பதைவிட, முட்டிக்கொள்கிற ஒன்றிரண்டுக்கு மட்டும் மூன்றாம் ஆளைத் தேடுவது மலிவு. அதற்காகத்தான் ஜோடியோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஸ்பெஷல் பென்ச் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது வேறு. ஒரே சட்டக் கேள்விக்கு மும்பை ஒன்று, டெல்லி வேறொன்று என்று பென்ச்சுகள் முரண்பட்டு நிற்கும்போது தலைவர் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்த்து அமர்த்துவார். அதில் குறைந்தது ஒரு நீதித்துறை ஆளும் ஒரு கணக்கியல் ஆளும் இருந்தே ஆகவேண்டும். அது சொல்வதைச் சாதாரண பென்ச்சுகள் பின்பற்றும். நம் ஜமக்காளக் கட்டுக்கு அது வராது, கவலை வேண்டாம்.

மதுரை ஜிஎஸ்டி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் ஜிஎஸ்டி பக்கம். நீங்கள் பேசும் இந்த ஜோடிக் கணக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வழக்காகவே ஆனது, அதுவும் நம் சென்னையில். 2017ல் ஜிஎஸ்டி சட்டம் வந்தபோது ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்கு அவர்கள் எழுதிய அமைப்பு: ஒரு நீதித்துறை உறுப்பினர், மத்திய அரசின் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர், மாநில அரசின் தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர். அதாவது துறை ஆட்கள் இரண்டு, நீதிபதி ஒன்று. வாக்கெடுத்தால் நீதிபதி எப்போதும் சிறுபான்மை. ரெவின்யூ பார் அசோசியேஷன் வழக்குப் போட, 2019 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது.

அப்புறம் 2023ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது ஒரு பென்ச்சில் இரண்டு நீதித்துறை, இரண்டு தொழில்நுட்பம், ஆக நாலு. ஆனால் வழக்கைக் கேட்கும்போது நாலு பேரும் உட்காரமாட்டார்கள், அதிலிருந்து ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடிதான். கடைசியில் 1941ல் வருமான வரிக்காரர்கள் பிடித்த இடத்துக்கே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறோம், நடுவில் தீர்ப்பாயமே இல்லாமல் ஏழெட்டு வருஷம் போனது, 2025 செப்டம்பர் 24 அன்றுதான் தொடங்கி வைத்தார்கள். தமிழ்நாட்டில் சென்னையும் மதுரையும் உண்டு.

ஒற்றை உறுப்பினர் எங்களுக்கும் உண்டு, அதே 50 லட்சம். ஆனால் கவனியுங்கள், இங்கே அளவுகோல் சம்பந்தப்பட்ட வரி, இன்புட் கிரெடிட், அபராதம் ஆகியவற்றின் தொகை. கூடவே சட்டக் கேள்வி எதுவும் இருக்கக்கூடாது, தலைவரின் ஒப்புதலும் வேண்டும். வருமான வரியில் அதிகாரி கணக்கிட்ட வருமானத்தோடு சரி. இரண்டையும் ஒரே ஆடிட்டர் பார்த்தால் நிச்சயம் ஒருநாள் குழப்பிக்கொள்வார்.

ஏன்சார்இப்படி:
இரண்டு துறை ஆளுக்கு ஒரு நீதிபதி! நான் ஆரம்பத்தில் கிண்டலாகச் சொன்னது முழுப் பொய் இல்லை போலிருக்கே.

கருப்பு அங்கி:
அதைத்தான் நீதிமன்றமும் வேறு பாஷையில் சொன்னது. இந்தத் தீர்ப்பாய அமைப்புச் சண்டையில் நம் ஊர்ப் பெயர் அடிக்கடி வரும். மெட்ராஸ் பார் அசோசியேஷன் போட்ட வழக்கில்தான் தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டத்தை 2014ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உறுப்பினர் பதவிக்காலம் நாலு வருஷம், குறைந்தபட்ச வயது 50 என்று 2021ல் கொண்டுவந்த சட்டத்தின் பிரிவுகளை 2025 நவம்பரில் அடித்ததும் அதே சங்கத்தின் வழக்குதான். நாலு வருஷத்தில் போய்விடுவார் என்றால் நாற்பது வயதில் நன்றாகத் தொழில் ஓடுகிற எந்த வக்கீல் கடையைக் கட்டிவிட்டு வருவார்?

எனக்கு உண்மையான கவலை எஸ்.எம்.சி.யா, இரண்டு பேர் உட்காரும் டிவிஷன் பென்ச்சா என்பதே இல்லை. பென்ச்சின் பலகை இருக்கும், நாற்காலி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். ஜோடியில் ஒருவர் ஓய்வு பெற்றாலோ லீவு போட்டாலோ மற்றவர் தனியாக உட்கார்ந்து 61 லட்ச வழக்கைக் கேட்க முடியாது. அன்றைய பட்டியல் முழுக்க வாய்தா. சட்டம் ஜோடி என்று கட்டாயப்படுத்துவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. நான் அந்த விலையைக் கொடுக்கத் தயார், ஆனால் ஆளை நேரத்துக்குப் போட்டால் அந்த விலையே வராது.

பவானி ஜமக்காளம்:
எல்லாம் புரிகிறதுங்க. நான் இப்போது என்ன செய்யட்டும்? எஸ்.எம்.சி. தேதி முன்னால் வருகிறது, 'பி' பென்ச் அதற்கு மூன்று வாரம் கழித்து. முதலாவதில் தோற்றுவிட்டால் இரண்டாவதில் அதையே காட்டி அடிப்பார்களே என்று பயமாக இருக்கிறது.

பேப்பர்புக்:
பயம் சரியானது. ஒரே விஷயத்தில் இரண்டு ஆர்டர் வெவ்வேறாக வந்தால் அப்புறம் உயர் நீதிமன்றம்தான், அங்கே முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுப்பார்கள். ரொக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நிரூபித்தோமா இல்லையா என்பது உண்மை நிலைக் கேள்வி, அதைத் தீர்ப்பாயத்தோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகையால் இரண்டு அப்பீல் எண்ணையும் குறிப்பிட்டு, இரண்டு ஆண்டுக்கும் பொதுவான விவகாரம், ஒரே பேப்பர் புக் (நாம் தாக்கல் செய்யும் ஆவணக் கட்டு), முரண்பட்ட முடிவு வராமல் இருக்க ஒரே பென்ச்சில் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று உதவிப் பதிவாளருக்கு ஒரு மனு. இரண்டு அசெஸ்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்க நகலை இணையுங்கள், வருமானத் தொகையைப் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். துறைப் பிரதிநிதிக்கு ஒரு நகல். எஸ்.எம்.சி. தேதிக்கு நல்ல முன்னதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டோமே என்று அன்றைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். யாராவது எழுந்து நின்று 'சேர்க்க மனு கொடுத்திருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதி, கையில் இருக்கும் காகிதக் கட்டை மட்டும் வைத்தே வழக்கை முடித்துவிடலாம்.

ரிட்டயர்டு குமாஸ்தா:
பேப்பர் புக்கில் பக்க எண் போடு தம்பி. எண் இல்லாத கட்டைப் பார்த்தால் ரெண்டு பேர் பென்ச்சானாலும் ஒரு ஆள் பென்ச்சானாலும் ஒரே மாதிரிதான் கோபம் வரும். இன்னொன்று, ஒருமுறை பாதி கேட்டு 'பார்ட் ஹேர்ட்' என்று போட்டுவிட்டால் அதே ஆட்களிடம்தான் மிச்சமும் போகும். அதற்கு முன்னால் சேர்த்துவிடு.

மதுரை ஜிஎஸ்டி:
புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்று சொன்னார்களே, இவருக்கு அது பொருந்துமா?

பேப்பர்புக்:
இல்லை, அவருடையது பழைய ஆண்டுகள். பழைய சட்டப்படியே ஓடும்.

பவானி ஜமக்காளம்:
ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. ஆடிட்டர் அண்ணனிடம் இந்த இழையை அப்படியே காட்டினேன், கொஞ்சம் முறைத்தார், அப்புறம் மனு எழுதினார். எஸ்.எம்.சி. தேதிக்கு முந்தின இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் கிளம்பி நானும் கூடவே போனேன். எங்கள் எண் பதினோராவது. உறுப்பினர் ஆர்டரின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், பென்சில் கோட்டையும் பார்த்தார், துறைக்காரரிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார், அவர் இல்லை என்றார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். இப்போது இரண்டும் 'பி' பென்ச்சில் ஒரே தேதி. பேப்பர் புக்கில் 214 பக்கம், ஐயா சொன்ன மாதிரி எண் போட்டாகிவிட்டது. 97ம் பக்கம் மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டது, அதை 97ஏ என்று மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஏன்சார்இப்படி:
'ஏ' என்று போட்டால் அது பெரிய பக்கம் என்று நினைத்துவிடப் போகிறார்கள் அண்ணா.